நுரையீரல் புற்றுக்குப் பொறுப்பு பீடியா, பிராந்தியா?

மதுரைப் பக்கத்தில் ஒருவருக்கு நுரையீரலில் புற்று என்று தெரியவந்தால், "குடிச்சுக் குடிச்சே உடம்பைக் கெடுத்துக்கிட்டாரு" என்ற பேச்சு உறவினர் நடுவே எழுந்துவிடுகிறது. சட்டைப் பையிலிருந்த பீடிக்கட்டைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. குடி குடும்பத்தையே உலுக்குவதால் பழியும் அதன் மேலேயே விழுகிறது. ஆனால் நுரையீரலை மட்டும் வைத்து இரண்டையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால் கணக்கு வேறாக வருகிறது.

புகைக்கு எதிரான சான்றுகள் 1950இல் பிரிட்டனில் டால், ஹில் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு முதல் குவிந்து கிடக்கின்றன. சிகரெட் புகைப்பவருக்கு நுரையீரல் புற்று வரும் வாய்ப்பு, புகைக்காதவரைவிட 15 முதல் 30 மடங்கு. பீடியில் தூள் குறைவு என்ற சமாதானம் செல்லாது. அணையாமலிருக்க அதை அடிக்கடி ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது.

மதுவையும் உலகச் சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே புற்றை உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்துவிட்டது. ஆயினும் அது உறுதியாகச் சுட்டும் இடங்கள் வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் ஆகியவையே. அந்தப் பட்டியலில் நுரையீரல் இல்லை. குடிப்பவர்களிடம் நுரையீரல் புற்று அதிகம் என்று காட்டிய ஆய்வுகள் உண்டு என்றாலும், வாழ்நாளில் புகைத்தே இராதவர்களை மட்டும் தனியே பிரித்துப் பார்க்கும்போது அந்தத் தொடர்பு பெரும்பாலும் மங்கிவிடுகிறது. இதன் சூட்சுமம் பாரில் போய் உட்கார்ந்தால் விளங்கும். நாளுக்குப் பத்து பீடி என்று மருத்துவரிடம் சொல்பவர், குவார்ட்டர் திறந்த மாலையில் கணக்கில்லாமல் பற்றவைப்பார். படிவத்தில் பத்துதான் பதிவாகும், கூடுதல் பீடிகளின் பழி பிராந்தியின் மேல் ஏறிவிடும். பீடியே தொடாதவர்கூட அங்கே பக்கத்து மேசைப் புகையைத்தான் சுவாசிக்கிறார்.

இதைக் கேட்டு மதுவுக்கு நற்சான்று கிடைத்துவிட்டதாக யாரும் மகிழ வேண்டியதில்லை. 42.8 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட பிராந்தியில் ஒரு குவார்ட்டர், அதாவது 180 மி.லி., சுமார் 60 கிராம் ஆல்கஹாலை உடலுக்குள் இறக்குகிறது. அதை உடல் அசிட்டால்டிஹைடாக மாற்றும்போது அந்த வேதிப்பொருள் மரபணுவையே சிதைக்கிறது. நுரையீரலின் காப்புத் திறன் குன்றுவதால் அதிகம் குடிப்பவரைக் காசநோயும் நிமோனியாவும் எளிதில் பற்றுகின்றன. வாயிலும் தொண்டையிலுமோ, குடியும் புகையும் சேரும்போது ஆபத்து கூட்டல் கணக்கில் அல்லாமல் பெருக்கல் கணக்கில் ஏறுகிறது.

இரண்டில் எதை முதலில் விடுவது என்று கேட்டால், நுரையீரலைப் பொறுத்தவரை பீடியைத்தான். விட்டுப் பத்தாண்டு ஆனவருக்கு, தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட, நுரையீரல் புற்றால் இறக்கும் ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது. பீடியை ஒரே நாளில் நிறுத்தினால் எரிச்சலும் தூக்கமின்மையும் வருமே தவிர உயிருக்கு ஆபத்தில்லை. குடி அப்படியன்று, பல ஆண்டுகளாக நாள்தோறும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்பதால், கோயிலில் கயிறு கட்டிக்கொள்வதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.