வீட்டுக்கு வரும் பேலியேட்டிவ் கேர்: நர்ஸ் கிளம்பிப் போன பிறகு தெரியும் தரம்

பேலியேட்டிவ் கேர் என்பது முற்றிய நோயில் வலியையும் அவதியையும் குறைக்கும் சிகிச்சை; தமிழில் நோய் ஆதரவுச் சிகிச்சை. அதற்கான இல்லமான ஹாஸ்பிஸ் என்றதும் அமைதியான கட்டடம், வரிசையாகக் கட்டில், வெள்ளைச் சேலை சிஸ்டர் என்று ஒரு படம் மனதில் வரும். தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட இல்லங்கள் இருக்கின்றன, ஆனால் குறைவு. பெரும்பாலான குடும்பங்களுக்கு வாய்ப்பது வாரம் ஒருமுறையோ இருமுறையோ வீட்டுக்கு வரும் நர்ஸ், போனில் கிடைக்கும் டாக்டர், வாடகைக்கு ஒரு ஏர் பெட். நர்ஸ் வீட்டில் இருப்பது மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம். வாரத்தின் மீதி நேரம் முழுவதையும் மனைவியோ மகளோ மருமகளோதான் ஓட்ட வேண்டும். அதனால் இந்தச் சேவைக்கு மதிப்பெண் போடும்போது, எவ்வளவு பரிவாகப் பேசினார்கள் என்பதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடலாம். அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிய பிறகு வீட்டில் என்ன மருந்து இருக்கிறது, என்ன எழுதிய தாள் இருக்கிறது, யார் கைக்கு என்ன வேலை பழகியிருக்கிறது என்று பாருங்கள். மாதக்கணக்கில் ஒரே சேவையோடு இருந்த குடும்பங்கள் சொல்லும் நிறையும் குறையும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

முதல் போனிலேயே கேட்டுவிட வேண்டியது: "உங்களிடம் மார்ஃபின் மாத்திரை ஸ்டாக் இருக்கிறதா?" கடும் வலிக்கான இந்த மருந்து தெருமுனை மெடிக்கலில் கிடைக்காது. போதைப்பொருள் சட்டத்தில் 2014-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் அதை வாங்கி வைத்து, பதிவேட்டில் எழுதி, நோயாளிக்குத் தரலாம். முன்பு போலப் பல அலுவலகங்களில் பல உரிமத்துக்கு அலைய வேண்டியதில்லை. ஆகவே "கெடுபிடி அதிகம் சார், கிடைக்காது" என்ற பதிலை அப்படியே ஏற்க வேண்டாம். தங்களிடம் இல்லாவிட்டாலும் எந்த மருத்துவமனையில் தருவார்கள், சீட்டு யார் எழுதுவார், எத்தனை நாளைக்குக் கொடுப்பார்கள் என்று தயங்காமல் சொன்னால் பரவாயில்லை. "டிரமடால் ஊசியிலேயே சமாளித்துவிடலாம்" என்றால் வேறு இடம் பார்ப்பது நல்லது. மார்ஃபினைவிட வீரியம் குறைந்த வலி மருந்தான டிரமடாலுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் என்ற வரம்பு உண்டு. முற்றிய புற்றுநோய் வலி அதற்குள் அடங்காத நாள் வரும்.

எடுத்த எடுப்பிலேயே ஃபென்டனைல் பேட்ச் (தோல் வழியாக இறங்கும் வலி மருந்துப் பட்டை) ஒட்டச் சொல்கிறவர்களிடமும் கவனம் தேவை. ஒட்டி 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் முழுப் பலன் தெரியும். பிறகு 72 மணி நேரம் நிற்கும். மார்ஃபின் வகை மருந்தையே தொடாத உடம்புக்கு முதல் மருந்தாக அதை ஒட்டுவது ஆபத்து. காய்ச்சல் அடித்தாலோ, பேட்ச் மேல் சூடாக ஒத்தடம் வைத்தாலோ மருந்து வேகமாக இறங்கி மூச்சு மந்தப்படும். மாத்திரையில் வலி கட்டுக்குள் வந்து, பிறகு விழுங்க முடியாமல் போகிறவர்களுக்குத்தான் பேட்ச் பொருத்தம்.

முதல் விசிட்டில் நர்ஸ் பி.பி., சுகர், ஆக்சிஜன் மூன்றையும் பார்த்து நோட்டில் எழுதிவிட்டு எழுந்தால் அது வெறும் செக்கப். போர்வையை விலக்கி முதுகின் அடிப்பகுதி, இடுப்பெலும்பு, குதிகால் மூன்றையும் பார்க்க வேண்டும். வாயைத் திறந்து டார்ச் அடித்து நாக்கில் வெள்ளை படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக மலம் போனது என்றைக்கு, இரவில் தூக்கம் எத்தனை மணி நேரம், வலி பத்துக்கு எத்தனை என்று கேட்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. தனக்கு என்ன நோய் என்று அவருக்குத் தெரியுமா, தெரியாவிட்டால் யார் மறைத்திருக்கிறார்கள் என்பதை வீட்டாரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கிற நர்ஸ் தொழில் தெரிந்தவர். கட்டில் பக்கத்தில் நின்று உரக்கக் கேட்கிறவர் அல்ல.

சேவையின் முதுகெலும்பு மருந்து அட்டை. மார்ஃபினை "வலித்தால் போடுங்கள்" என்று கொடுத்துவிட்டுப் போகக் கூடாது. சாதாரண மாத்திரையின் வேலை நாலு மணி நேரம்தான். அதனால் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று கடிகாரப்படி நேரம் எழுதிய அட்டை சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். இரவு 10 மணிக்கு இரண்டு மடங்கு கொடுத்து, நடு இரவு டோஸுக்காக எழுப்பாமல் விடுவது வழக்கம். நடுவில் வலி எகிறினால் கொடுக்கும் எக்ஸ்ட்ரா டோஸ் பெரும்பாலும் அந்த நாலு மணி நேர டோஸின் அளவே. எவ்வளவு என்பதை டாக்டர் எழுத்தில் தந்திருக்க வேண்டும். எக்ஸ்ட்ரா கொடுத்த நேரத்தை வீட்டார் குறிக்க அட்டையில் கட்டம் இருக்க வேண்டும். அடுத்த முறை வரும் நர்ஸின் கண் முதலில் போக வேண்டியது அந்தக் கட்டத்துக்குத்தான். தினம் மூன்று நாலு தடவை எக்ஸ்ட்ரா போயிருந்தால் ரெகுலர் டோஸை ஏற்ற வேண்டும். கட்டம் நிரம்பிக்கொண்டே போகிறது, டோஸ் மட்டும் மாறவில்லை என்றால் அட்டையை யாரும் படிப்பதில்லை என்று அர்த்தம்.

மார்ஃபின் தொடங்கிய அன்றே மலமிளக்கியும் தொடங்காத டாக்டரை நம்ப வேண்டாம் என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லலாம். குமட்டலும் மயக்கமும் சில நாளில் அடங்கிவிடும். மலச்சிக்கல் அடங்காது, மாத்திரை ஓடும் வரை அதுவும் கூடவே வரும். நாலு நாள் மலம் போகாமல் வயிறு கல்லாகி, "மாத்திரை ஒத்துக்கலை" என்று வீட்டாரே நிறுத்திவிட்டு, வலி பழையபடி ஏறுவதுதான் அடிக்கடி நடக்கும் கதை. கிட்னி மங்கியவருக்கு மார்ஃபின் உடம்பில் தங்கிவிடும். தூக்கத்தில் கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது என்று போன் செய்தால், அந்தப் பக்கம் இருப்பவர் "சிறுநீர் எவ்வளவு போகிறது?" என்று திருப்பிக் கேட்கிறாரா என்று கவனியுங்கள். "மார்ஃபின் ஆரம்பித்தால் சீக்கிரம் போய்விடுவாரா?" என்ற கேள்வி எல்லா வீட்டிலும் உண்டு. நல்ல டாக்டர் யாராவது கேட்கும் வரை காத்திருக்காமல், தானே எடுத்துச் சரியான அளவில் அது ஆயுளைக் குறைப்பதில்லை என்று விளக்கிவிடுவார்.

அடுத்தது புண். வாய்ப் புற்றிலும் மார்பகப் புற்றிலும் வெளியே வெடித்த புண்ணின் நாற்றம் வீட்டையே ஒடுக்கிவிடும். பேரப்பிள்ளைகள் அந்த அறைக்குள் போகத் தயங்குவார்கள். தினமும் நர்ஸ் வந்து கட்டுப் போட முடியாது என்பதால், வீட்டில் ஒருவருக்குக் கற்றுக்கொடுப்பதே சேவையின் வேலை. அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஒரு டீஸ்பூன் உப்பு போட்டு ஆறவிட வேண்டும். ஒட்டியிருக்கும் பழைய துணியைப் பிய்க்காமல் அந்த நீரை ஊற்றி ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். பிய்த்தால் ரத்தம் வரும். கழுவிய பிறகு மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடியாக்கித் தூவினால் நாற்றம் சில நாளிலேயே குறையும். கட்டுத்துணி தீர்ந்தால் பழைய பருத்திச் சேலையைத் துவைத்துக் கிழித்து, எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் குக்கரில் ஆவி ஏற்றிக்கொள்ளலாம். ஈ உட்கார்ந்து புழு வைத்துவிட்டால் டர்பன்டைன் எண்ணெயை நனைத்த துணியைப் புண்ணின் ஓரத்தில் வைக்க, புழு வெளியே வரும். இடுக்கியால் எடுக்க வேண்டும். இதையெல்லாம் ஒருமுறை செய்துகாட்டிவிட்டு, மறுமுறை வீட்டாரைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்க்கிற நர்ஸ் கிடைத்தால் விடாதீர்கள். கழுத்துப் புண்ணில் ரத்தக்குழாய் உடையும் அபாயம் இருந்தால், அடர் நிறத் துண்டு நாலைந்து கட்டிலுக்கு அடியில் வைக்கச் சொல்வார்கள். வெள்ளைத் துண்டில் ரத்தம் பார்த்தால் நோயாளியும் வீடும் சேர்ந்து பதறும்.

கருவிகள் வாடகைக்கு வரும். வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் ஆள் வராது. ஏர் பெட்டில் ரெக்சினும் மடித்த போர்வையும் போட்டு மூடிவிட்டால் பிரயோஜனம் போயிற்று. மெத்தைக்கு அடியில், புட்டத்துக்கு நேராக உள்ளங்கையை விட்டுப் பாருங்கள். எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை. பம்பில் எடைக்கு ஏற்ற அளவு வைக்கவில்லை என்று பொருள். ஏர் பெட் இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டத்தான் வேண்டும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் கரண்ட் போனால் நின்றுவிடும். 5 லிட்டர் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டு, கூடவே ஒரு சிலிண்டர் வைக்கிறவர்களே விவரமானவர்கள். ஆக்சிஜன் அளவு சரியாக இருந்தும் மூச்சு வாங்குகிறவருக்கு, முகத்துக்கு நேரே ஒரு சின்ன ஃபேனும் குறைந்த அளவு மார்ஃபினும் மெஷினைவிட நன்றாகக் கேட்கும். இதைச் சொல்லாமல் மெஷின் வாடகையை மட்டும் பில்லில் ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. விசிட் சார்ஜில் டாக்டர் வருகை அடங்குமா, கட்டுத்துணியும் டயப்பரும் தனியா, டெபாசிட் திரும்ப எப்போது, மாதக் கடைசியில் நோயாளி இறந்தால் மீதி நாள் பணம் என்ன ஆகும் என்று எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்சி அனுப்பும் "ஹோம் நர்ஸ்" பலர் அட்டெண்டர்கள்தான். குளிப்பாட்டவும் புரட்டவும் அவர்கள் போதும். ஊசியும் கத்தீட்டரும் (சிறுநீர்க் குழாய்) அவர்கள் தொடக் கூடாது. நர்ஸ் என்று சொன்னால் நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பில்லை.

காசு கொடுத்தால்தான் தரம் என்பதும் இல்லை. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே நோய் ஆதரவுச் சிகிச்சையும் பிசியோதெரபியும் இலவசம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். வட்டார அளவிலான செவிலியர் பல ஊர்களைச் சுற்ற வேண்டியிருப்பதால் இரவு அவசரத்துக்கு அவரை எதிர்பார்க்க முடியாது. கட்டு, கத்தீட்டர், படுக்கைப்புண் பராமரிப்புக்கு இதையும், வலி மருந்துக்கும் இரவு போனுக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தையோ மருத்துவமனைப் பிரிவையோ சேர்த்து வைத்துக்கொள்வது நடைமுறையில் நன்றாகவே ஓடுகிறது.

இரவு எண்ணை முதல் வாரத்திலேயே சோதித்துவிடுங்கள். ராத்திரி 11 மணிக்கு நியாயமான ஒரு சந்தேகத்தோடு கூப்பிட்டால், எடுப்பவருக்கு நோயாளியின் பெயரைச் சொன்னதும் டோஸ் தெரிய வேண்டும். "பக்கத்து ஹாஸ்பிட்டல் எமர்ஜென்சிக்குக் கொண்டு போங்க" என்பது பதிலானால் அந்த எண்ணுக்குப் பணம் கொடுப்பது வீண். திறமையான அணி, மோசமான இரவு வருவதற்கு முன்பே ஒரு டப்பாவில் மருந்தை வைத்துவிட்டுப் போகும். விழுங்க முடியாதபோது தோலுக்கடியில் போட மார்ஃபின், பதற்றத்துக்கு மிடசோலம், உளறலுக்கு ஹாலோபெரிடால், தொண்டைச் சத்தத்துக்கு ஹயோசின் ஆகியவற்றை எதற்கு எது என்று தமிழில் எழுதி ஒட்டியிருப்பார்கள். தோலுக்கடியில் சின்ன பட்டர்ஃபிளை ஊசியை முன்கூட்டியே பொருத்தி, போனில் வழிகாட்டி வீட்டாரையே செலுத்தவைப்பதும் உண்டு. நரம்பு தேடிக் குத்துகிற வேலையே இல்லை.

இல்லத்தில் சேர்ப்பதானால் பகலில் சுற்றிக் காட்டுவதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். சென்னை மாத்தூரில் உள்ள ஜீவோதயா போல முற்றிய புற்றுநோயாளிகளுக்கென்றே நடக்கும் இல்லங்களும், முதியோர் இல்லம் பெயரை மாற்றிக்கொண்டு நடத்துபவையும் ஒன்றல்ல. ராத்திரி டியூட்டியில் பதிவு பெற்ற நர்ஸ் எத்தனை பேர், வீட்டார் ஒருவர் கூடத் தங்கலாமா, தண்ணீர் டம்ளர் நோயாளியின் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறதா, யாருடைய கையாவது கட்டிலோடு கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசி நாட்களை வைத்துத்தான் பெரும்பாலான குடும்பங்கள் ஒரு சேவையை நினைவில் வைக்கின்றன. சாப்பாடு நின்றதும் "டிரிப்ஸ் ஏற்றினால் தெம்பு வருமே" என்பார்கள். அந்த நிலையில் ஏற்றும் நீர் நுரையீரலிலும் காலிலும் தேங்கி மூச்சைத்தான் கெடுக்கும். தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். ஒருக்களித்துப் படுக்கவைப்பதே முதல் வைத்தியம், சளி உறிஞ்சும் சக்ஷன் குழாயை உள்ளே விட்டால் துன்பம்தான் கூடும். பிறகு சொந்தக்காரர்கள் வரிசையாகப் பால் ஊற்ற வருவார்கள். நினைவு தப்பியவருக்கு ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கித் திணறும். இந்த ஊர் தெரிந்த நர்ஸ் அதைத் தடுக்க மாட்டார். பஞ்சில் நனைத்து உதட்டில் ஒற்றச் சொல்லி, தலையைப் பக்கவாட்டில் சாய்த்துக்கொடுப்பார். சடங்கும் நடக்கும், திணறலும் இருக்காது.

பதற்றத்தில் யாரோ 108-க்குப் போன் செய்துவிட, வெண்டிலேட்டரில் முடிவதும் உண்டு. நோய், நிலை, ஆறுதல் சிகிச்சை மட்டும் என்ற முடிவு மூன்றையும் டாக்டர் தன் லெட்டர்ஹெட்டில் எழுதித் தந்திருந்தால், அவசரப் பிரிவு டாக்டரிடம் நீட்டலாம். நோயாளி தெளிவாக இருக்கும்போதே முன்கூட்டிய மருத்துவ உயில் (கடைசி நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று தானே எழுதிவைப்பது) எழுதுவது இன்னும் உறுதி. இந்த உயிலை அனுமதித்த 2018 தீர்ப்பில் இருந்த மாஜிஸ்திரேட் கையெழுத்தை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் நீக்கிவிட்டது. இரண்டு சாட்சியும் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் கையொப்பமும் போதும்.

வீட்டில் இறந்தால் இறப்புக்கான காரணத்தை டாக்டர் 4ஏ படிவத்தில் எழுதித் தர வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு உயிர் பிரிந்தால் யார் வருவார், எத்தனை மணிக்குள் என்று சேரும்போதே கேளுங்கள். அது இல்லாமல் சுடுகாட்டிலும் அலைச்சல், 21 நாளுக்குள் செய்ய வேண்டிய பதிவிலும் அலைச்சல். முன்பின் பார்த்திராத டாக்டர் எழுதித் தரத் தயங்குவார். காரியம் முடிந்த பிறகு ஒரு போனாவது வரும், மீந்த மார்ஃபினை எண்ணிப் பதிவேட்டில் எழுதித் திரும்ப வாங்கிக்கொள்வார்கள், டெபாசிட்டும் அதே வாரத்தில் வரும். கணக்கு ஒழுங்காக வைத்திருக்கும் இடங்களில் இப்படித்தான் நடக்கிறது.