எழுத்து மேஜைக்கு ஒரு கிச்சன் டைமர்

தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுதுவது என் பிழைப்பு. பிழைப்பு என்று சொன்னாலும் அதில் எனக்குக் கொள்ளை ஆசை. மாமியாரும் மருமகளும் நேருக்கு நேர் நிற்கும் காட்சி கையில் இருந்தால் பசி, தூக்கம் எதுவும் தெரியாது. கொஞ்ச நேரம் எழுந்து நடக்கச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன என் தங்கை வாங்கிக் கொடுத்ததுதான் இந்த டைமர்.

உள்ளங்கையில் அடங்கும் உருண்டை. பேட்டரி கிடையாது, உள்ளே இருப்பது சுருள்வில். மேல்பாதியைத் திருகி வைத்தால் 60 நிமிடம் வரை ஓடும். பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது, அவசியம் படியுங்கள்: 10 நிமிடம் வேண்டுமென்றால் நேராக 10-க்குத் திருகக் கூடாது. 60 வரை கொண்டுபோய், அங்கிருந்து பின்னால் வர வேண்டும். இல்லாவிட்டால் மணி ஒரு முனகலோடு அடங்கிவிடுகிறது.

எழுதுகிறவர்கள் இதை வாங்குவதற்குக் காரணம் 25 நிமிடக் கணக்கு. பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர், 1980-களின் கடைசியில் மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவ கிச்சன் டைமரை வைத்து உண்டாக்கியது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று முடிந்தால் கொஞ்சம் நீண்ட ஓய்வு. படிப்பில் மனம் ஒட்டாதவர் தன்னைப் பிடித்து உட்கார வைக்கக் கண்டுபிடித்த வழி அது. எனக்கு உட்காருவதில் சிக்கலே இல்லை. எழுந்திருப்பதில்தான் சிக்கல். அதனால் அவர் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. ‘அவள் கதவைத் திறந்து’ என்று அடிக்கும்போது மணி அடித்தால் எரிச்சல்தான் வருகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார் என்பது எனக்கே அப்போதுதான் தெரியப்போகிறது! இப்போது 50 நிமிடம் வைக்கிறேன். ஒரு காட்சி முடிய அது போதும்.

மணி சில நொடிகள் அடித்துவிட்டுத் தானே நின்றுவிடும். அலாரம் போல விடாமல் கத்தாது. எழுத்தில் மூழ்கியிருக்கும் ஆளுக்கு இது பெரிய குறை, காதிலேயே விழாது. ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஓடும் நேரமெல்லாம் டிக் டிக் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறதா, அது நின்றதும் அறை திடீரென்று காலியானதுபோல ஆகிவிடுகிறது. மணியைவிட அந்த அமைதிதான் என்னைக் கிளப்புகிறது. டைமரை அறையின் அந்தக் கோடியில், புத்தக அலமாரி மேல் வைத்திருக்கிறேன். சத்தம் மறுபடி வேண்டுமென்றால் எழுந்துதான் ஆக வேண்டும். செல்போன் டைமர் இதற்கு உதவாது. அணைக்கப் போனால் தயாரிப்பாளர் அனுப்பிய செய்தி காத்திருக்கும், அப்புறம் எங்கே ஓய்வு?

இடைவேளையில் நல்ல யோசனை வரும் என்கிறார்கள். எனக்கு வந்ததில்லை. யோசனை எழுதும்போதுதான் வருகிறது. எழுந்து போய்விட்டு வந்தால் நடப்பது வேறு: சற்றுமுன் எழுதியதை யாரோ எழுதியதுபோலப் படிக்க முடிகிறது. அண்மையில், கோபத்தில் இருக்கும் அப்பாவுக்கு மூச்சுவிடாமல் நான்கு வரி வசனம் கொடுத்திருந்தேன். திரும்பி வந்து வாய்விட்டுப் படித்தபோது எந்த அப்பாவும் அப்படித் திட்டமாட்டார் என்று தெரிந்தது. ‘போதும், போ’ என்று மாற்றினேன்.

கண்ணுக்கும் நல்லது. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது, அதனால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி இருப்பதை 20 நொடி பாருங்கள் என்று கண் மருத்துவர்கள் சொல்கிறார்கள். 50 நிமிட டைமர் அதற்கு ஈடாகாது. இடையில் ஜன்னல் பக்கம் பார்ப்பது நம் பொறுப்பு.

ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிரோலப் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் என்று எழுதியவர். பல ஆண்டுகள் தபால் துறையில் வேலை பார்த்தபடியே எழுதி, மொத்தம் 47 நாவல்களை முடித்தார். அவரே ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் எழுதினால் போதும் என்றவர். இதைத் தங்கையிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

டைமர் மணி அடிப்பது ஒன்றிரண்டு நிமிடம் முன்பின் ஆகிறது, அது பரவாயில்லை. டிக் டிக் சத்தம்தான் பக்கத்தில் தூங்குகிறவருக்குத் தொல்லை. ராத்திரி எழுதுகிறவர், அதுவும் ஒரே அறையில் இன்னொருவரோடு இருப்பவர், இதை வாங்க வேண்டாம். எழுத உட்காரவே மனம் வராதவர் தாராளமாக வாங்கலாம், 25 நிமிடக் கணக்கு அவருக்காகவே உண்டானது. வாங்கும்போது 60 வரை திருகி, 1 நிமிடத்துக்குக் கொண்டுவந்து, கடையிலேயே மணியைக் கேட்டுவிடுங்கள். சில டைமர்களில் மணி அடிப்பதே இல்லை, ‘க்ளிக்’ என்று நின்றுவிடுகின்றன.