‘வைரஸ்: நெகட்டிவ்’ என்று சீட்டு கொடுத்தால், எந்த வைரஸ் என்று கேளுங்கள்

கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பு வைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நர்சரியின் பெயரைப் போடவில்லை. நான் ஏமாந்த விதம் தெரிந்தால் போதும்.

2 ஏக்கருக்கு 10,000 நாற்று வாங்கினேன், கோ 86032 ரகம். திசு வளர்ப்புத் தாய்க்கரும்பிலிருந்து எடுத்தது, வைரஸே கிடையாது என்றார்கள். அதற்காக நாற்றுக்கு ஒரு ரூபாய் கூடுதல். கூடவே ஒரு லேப் சர்டிபிகேட் ஜெராக்ஸ். ‘வைரஸ்: நெகட்டிவ்’ என்று ஒரே வரி. பீரோவில் பத்திரமாக வைத்தேன், ஒழுங்காகப் படிக்கவில்லை. நர்சரியில் பூச்சிவலை ஓர் ஓரமாகக் கிழிந்து தொங்கியது. காற்றோட்டத்துக்கு விட்டிருப்பார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்!

ஆறாம் மாதம் சோகை (காய்ந்த இலை) உரிக்கும்போதுதான் பார்த்தேன், இலையின் அடிப்பக்கம் நடுநரம்பு மஞ்சளாக ஓடியிருந்தது. மருந்துக்கடையில் இரும்புச்சத்துக் குறை என்று நுண்ணூட்டம் கொடுத்தார்கள். இரண்டு தடவை அடித்தேன், காசு போனதுதான் மிச்சம். இரும்பு குறைந்தால் நரம்பு பச்சையாக நிற்கும், இடைப்பகுதி வெளுக்கும். என் தோட்டத்தில் நரம்பு மஞ்சள், இலை பச்சை. இது உறைக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. அதற்குள் இலைகள் நுனியிலிருந்து காய ஆரம்பித்து, தோகை கொத்தாகக் குறுகிவிட்டது. கோவையில் சோதனைக்குக் கொடுத்தேன். மஞ்சள் இலை வைரஸ்.

நர்சரிக்குப் போனேன்.

“ஏனுங்க, நெகட்டிவ்னு சீட்டு குடுத்தீங்களே?”

“அது மொசைக்குக்கு எடுத்த டெஸ்டுங்க. மஞ்சள் இலையை உங்க தோட்டத்து அசுவிணிப் பூச்சி கொண்டாந்திருக்கும்.”

மொசைக் என்பது கரும்புக்கு வரும் வேறொரு வைரஸ் நோய். அந்தச் சீட்டின் தேதியைப் பார்த்தால் இரண்டு வருடம் முன்னால் எடுத்தது. பில்லா? ‘நாற்று 10,000’ என்று வெள்ளைச் சீட்டு. அசுவிணி பரப்பும் என்பதும் உண்மை. நடுவதற்கு முன் நான் சோதித்திருந்தால்தானே அவர் வாயை அடைக்க முடியும்?

அப்புறம்தான் விசாரித்தேன். நம் நாட்டில் இந்த நோய் 1999-லேயே பதிவானது. வைரஸ் நடுவதற்கு வெட்டும் கரணைத் துண்டுக்குள்ளேயே இருந்து வருகிறது, வெந்நீரில் நேர்த்தி செய்தாலும் போகாது. குருத்து நுனியிலிருந்து திசு வளர்த்தால் நீக்கலாம், ஆனால் அப்புறம் வலைக்குள் வளர்த்து மறுபடி சோதிக்க வேண்டும். இது ஆர்என்ஏ வைரஸ், அதனால் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றிச் சோதிக்கும் ஆர்டி-பிசிஆர் எடுக்க வேண்டும், டிஎன்ஏவை மட்டும் தேடும் வெறும் பிசிஆர் பிடிக்காது. இன்னொரு சிக்கல், இதில் ஒரே வகை இல்லை. பிரேசில்-பெரு, கியூபா, ரீயூனியன், இந்தியா என்று கண்ட ஊர்ப் பெயரிலேயே மரபு வகைகளைப் பிரித்திருக்கிறார்கள். ஒரு வகைக்கென்று செய்த பிரைமர் (வைரஸைத் தேடிப் பிடிக்க டெஸ்டில் போடும் சிறு டிஎன்ஏ துண்டு) இன்னொன்றைத் தவறவிடலாம். ஆக, எந்த வைரஸ், என்ன முறை, எந்தத் தேதியில் எடுத்த இலை, தாய்க்கரும்பா நாற்றா, இந்த நாலும் இல்லாத சர்டிபிகேட் பொட்டலம் மடிக்கத்தான் ஆகும். சீட்டில் இருக்கும் லேபுக்கே ஒரு போன் போட்டுவிடுங்கள்.

ஏக்கருக்கு 50 டன் எடுத்த நிலத்தில் 34 டன். ஆலைக்காரர் கரும்புச்சாறு குறைகிறது என்று முகம் சுளித்தார். மறுதாம்பு (வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி வளரும் கரும்பு) விடவில்லை, கட்டையைத் தோண்டிப் போட்டுவிட்டேன். வெட்டுக்கு முன்னால் மச்சான் வந்து, “ஓரத்துக் கரும்பு நல்லாத்தானே இருக்குது மாப்ள, கரணைக்கு ரெண்டு வண்டி குடு” என்றார். முடியாது என்றேன். இன்னும் பேசாமல் இருக்கிறார்.