680 வெள்ளி போயிற்று: கை பிரஸ்ஸைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

நேற்று இரவுதான் எல்லாம் உறுதியானது. தூக்கம் வரவில்லை. விடிந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன், ஆறப்போட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன் என்பதால். 680 வெள்ளி. என்னைப் போல வீட்டில் தைத்துப் பிழைக்கிறவர்களுக்கு அது எத்தனை நாள் உழைப்பு என்று நான் சொல்லத் தேவையில்லை. பைக்குப் பட்டன் அடிக்கும் இந்தக் கை பிரஸ்ஸை எப்படிப் பார்த்துக்கொள்வது, எதைக் கேட்டுவிட்டுக் கொடுப்பது என்று கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் கல்யாணத் தாம்பூலப் பை தைக்கிறேன். சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீட்டில், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்திலேயே வேலை. துணி அரப் ஸ்திரீட்டில் வாங்குவேன், பட்டனும் ஐலெட்டும் சைனாடவுனில். பை மூடும் இடத்தில் டிச் பட்டன், கயிறு போகும் ஓட்டையில் ஐலெட் வளையம். இரண்டையும் அடிக்க ஒரு டன் கை பிரஸ் வைத்திருக்கிறேன். கைப்பிடியை இறக்கினால் உள்ளே பல்சக்கரம் சுழன்று, பல் வெட்டிய தண்டைக் கீழே தள்ளும். தண்டின் நுனியில் மேல் அச்சு, மேடையில் கீழ் அச்சு, நடுவில் துணி. கரண்ட் வேண்டாம், சத்தம் கிடையாது, கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்ட மாட்டார். ஆறு வருடமாக ஒரு குறையும் சொன்னதில்லை.

போன மாதம் குறை சொல்ல ஆரம்பித்தது. துணிக்குள் போகும் பட்டனின் கால் நேராக அமுங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மேல் மூடியில் ஒரு ஓரம் மட்டும் நசுங்கியது. பத்துக்கு மூன்று வீண். தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் கடகடவென்று ஆடியது. ஆவணிக் கல்யாணம் ஒன்றுக்கு 250 பை ஆர்டர் கையில் இருக்கிறது. பயந்துபோய், பழைய பொருள் வாங்கி விற்கும் ஒரு செயலியில் தேடினேன். "எல்லா வகை கை பிரஸ்ஸும் வீட்டுக்கே வந்து எடுத்துச் சென்று பழுதுபார்த்துத் தரப்படும்" என்று ஒருவர் போட்டிருந்தார். கீழே நட்சத்திரங்களும் நல்ல வார்த்தைகளும் நிறைய இருந்தன.

மறுநாளே வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். "அக்கா, எங்க அம்மாவும் தையல்தான். அவங்க தைச்சுத்தான் என்னைப் படிக்க வச்சாங்க" என்றார். போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு கிளாஸைத் தானே கொண்டுபோய் சிங்க்கில் வைத்தார். அந்த கிளாஸில்தான் நான் விழுந்தேன். நம் பிள்ளை, நம் பேச்சு, அம்மாவின் கஷ்டம் தெரிந்தவன் என்று மனசு அப்படியே இளகிவிட்டது. மெஷினை ஒரு தரம் அழுத்திப் பார்த்து, பல்லெல்லாம் தேய்ந்துபோயிற்று என்றார். தண்டும் பல்சக்கரமும் புதிதாக மாற்ற 220, அச்சுகளைத் தீட்டிப் பாலிஷ் போட 160, முழுவதும் பிரித்து மாட்டும் கூலி 300. மொத்தம் 680 வெள்ளி. "செயலி வழியா கட்டினா அவங்க கமிஷன் எடுத்துடுவாங்கக்கா, எனக்கு நேரா பேநவ்ல போட்டுடுங்க. பார்ட்ஸ் ஜொகூர்ல இருந்து வரணும், முழுசா கொடுத்தாதான் எடுக்க முடியும்." வங்கிக் கணக்கிலிருந்து பேநவ்வில் நேராக அவருக்கே போட்டேன். ரசீது கேட்கவில்லை. முழுப்பெயர் கேட்கவில்லை. நாலு ஜோடி அச்சையும் டப்பாவோடு எடுத்துக் கொடுத்தேன், பொருத்திப் பார்க்க வேண்டும் என்றாரே என்று.

ஐந்து நாள் என்றது பதினேழு நாள் ஆயிற்று. மலேசியாவுக்குப் போகும் ஜொகூர் பாலத்தில் நெரிசல், பிறகு மாமியாருக்கு உடம்பு சரியில்லை, பிறகு வேன் பழுது. ஒவ்வொன்றுக்கும் நான் "பரவாயில்லை தம்பி" என்று பதில் போட்டிருக்கிறேன். இப்போது அந்தச் செய்திகளைப் படித்தால் வயிறு எரிகிறது. மாமியாருக்கு உடம்பு தேவலையா என்றுகூட விசாரித்திருக்கிறேன்.

ஒரு வழியாக மெஷின் வந்தது. பளபளவென்று பச்சைப் பெயிண்ட். என் பிரஸ் சாம்பல் நிறம்! நான் பெயிண்ட் அடிக்கச் சொல்லவே இல்லை. "புதுசு மாதிரி இருக்கணும்னு அடிச்சேன்கா" என்று சிரித்தார். அவர் இறங்கிப் போன பிறகுதான் அச்சு டப்பாவைத் திறந்தேன். எந்த மேல் அச்சுக்கு எந்தக் கீழ் அச்சு என்று குழம்பாமல் இருக்க ஒவ்வொரு ஜோடியிலும் சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைத்திருப்பேன். ஒன்றில்கூடப் புள்ளி இல்லை. கேட்டால், பாலிஷ் போட்டபோது அழிந்துவிட்டதாம். நம்பினேன், அதையும் நம்பினேன்.

அன்று இரவு பதினோராவது பையில் கைப்பிடி திடீரென்று வழுக்கிக்கொண்டு இறங்கியது. என் விரல் முட்டிகள் மேடை விளிம்பில் போய் இடித்தன. இரண்டு விரல் வீங்கி, நாலு நாள் ஊசி பிடிக்க முடியவில்லை. படம் எடுத்து அனுப்பினேன். "ஓவரா அழுத்தியிருப்பீங்கக்கா" என்று வந்தது. எடுத்துப் போய்ச் சரிசெய்யுங்கள் என்றேன். எடுத்துப் போக இன்னொரு 80 என்றார். முதலில் வேலையை ஒழுங்காக முடியுங்கள் என்று கொஞ்சம் குரல் உயர்த்தி ஒலிப்பதிவு அனுப்பினேன். அதற்குப் பிறகு, பார்த்துவிட்டார் என்று காட்டும் நீலக் குறி மட்டும் விழுந்தது. மூன்றாம் நாள் அதுவும் விழவில்லை. செயலியில் தேடினால் கணக்கே இல்லை.

செயலிக்காரர்களுக்கு எழுதினேன். பணம் அவர்கள் வழியாகப் போகாததால் எதுவும் செய்ய இயலாது, எங்கள் பாதுகாப்புக் குறிப்புகளைப் படியுங்கள் என்று பதில். இரண்டாம் தடவை எழுதினேன், அதே வரிகள் அப்படியே வந்தன. மனிதர் எழுதினாரா, இயந்திரம் எழுதியதா தெரியவில்லை.

நேற்று எங்கள் புளோக்கில் மூன்றாம் மாடி அங்கிள் வந்து பார்த்தார். ஜூரோங்கில் லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கைப்பிடியின் மையத்தைக் கழற்றினார். கைப்பிடியைப் பல்சக்கரம் சுழலும் குறுக்குத் தண்டோடு பிணைக்க ஒரு எஃகுப் பின் இருக்க வேண்டும். அந்த இடத்தில் வெட்டின ஆணி. மரத்தில் அடிக்கிற சாதாரண ஆணி! அதுதான் முறிந்திருக்கிறது. கிரீஸைத் துடைத்தால் பல்லெல்லாம் பழைய பல், ஒன்றுகூட மாற்றவில்லை. பிறகு அரத்தை எடுத்து ஒரு அச்சின் அடியில் உரசினார். கடினப்படுத்திய எஃகு என்றால் அரம் வழுக்கிக்கொண்டு போகுமாம். இது வெண்ணெய் மாதிரி பொடி உதிர்ந்தது. என் அச்சுகளை எடுத்துக்கொண்டு எதையோ போட்டு அனுப்பியிருக்கிறான்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது, அதுதான் என்னை இரவு முழுக்க உட்கார வைத்தது. முதலில் பல் தேயவே இல்லையாம். தண்டைப் பக்கத்திலிருந்து தாங்கிப் பிடிக்க ஒரு தகடு இருக்கிறது, அதை இறுக்கச் சின்னத் திருகுகள். நாளடைவில் அவை தளர்ந்து போகும். தண்டு ஆடும், பட்டன் சாயும். பச்சைப் பெயிண்டைச் சுரண்டிவிட்டு, அங்கிள் ஆலன் கீயால் ஒவ்வொன்றையும் கால் சுற்று, கால் சுற்றாக முடுக்கினார். தண்டைக் கையால் ஏற்றி இறக்கினார். இறுக்கமாகப் பட்டபோது கொஞ்சம் தளர்த்தினார். மூலைமட்டம் வைத்து மேடைக்குச் செங்குத்தா என்று பார்த்தார். கடைசியில் ஒரு தாளை மேடையில் வைத்து லேசாக அழுத்தினார். வட்டம் ஒரே சீராகப் பதிந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. காசு வாங்க மறுத்துவிட்டார். இந்த அரை மணி நேர வேலைக்கா நான் 680 வெள்ளி கொடுத்தேன்!

சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்று மகள் சொன்னாள். 20,000 வெள்ளி வரை அங்கே கோரலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், சிங்பாஸ் என்ற அரசு இணைய அடையாளத்தை வைத்து இணையத்திலேயே பதியலாம். ஆனால் யார் மேல் போடுவது? படிவம் எதிர்த்தரப்பின் பெயரையும் முகவரியையும் கேட்கிறது. என்னிடம் இருப்பது ஒரு கைப்பேசி எண். அதுவும் இப்போது அணைந்து கிடக்கிறது.

சரி, சொல்கிறேன் என்றதைச் சொல்லிவிடுகிறேன். விரல் வலிக்கிறது, சுருக்கமாகத்தான் முடியும். பணத்தைச் செயலிக்கு வெளியே போடாதீர்கள், முழுதாக முன்னாலேயே போடாதீர்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். அச்சுகளைக் கொடுத்து அனுப்பாதீர்கள், அனுப்பியே ஆக வேண்டுமென்றால் படம் எடுத்து வையுங்கள். பட்டன் சாய்ந்தால் முதலில் அந்தப் பக்கத் திருகைப் பாருங்கள். பட்டனின் காலும் துணியின் கனத்துக்குப் பொருந்த வேண்டும், நீளமாக இருந்தாலும் இதே மாதிரி மடங்கும். பல்லில் கிரீஸை அப்பாதீர்கள், பஞ்சுத் தூசி ஒட்டிக் களிமண்ணாகிவிடும். மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுத் துடைத்தால் போதும். இன்னும் என்னவோ சொல்ல நினைத்தேன், கோபத்தில் மறந்துவிட்டது.

அங்கிள் ஜாலான் புசாரில் சரியான எஃகுப் பின் வாங்கித் தருகிறேன் என்றிருக்கிறார். அச்சு புதிதாக வாங்க வேண்டும், அது தனிச் செலவு. 250 பையில் 160 இன்னும் பட்டன் இல்லாமல் கிடக்கிறது.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். டிச் பட்டன் அச்சு, நாலு ஜோடி, பழையது விற்பனைக்கு என்று எங்காவது பார்த்தால் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேலும் கீழும் சிவப்பு நகப்பூச்சுப் புள்ளி இருந்தால் அது என்னுடையது. உடனே எனக்குச் சொல்லுங்கள்.