டர்பனா, எல்டோரெட்டா: கூட்டு எச்.ஐ.வி ஆராய்ச்சி மையத்துக்கு எந்த மாதிரி?

எங்கள் பக்கத்துக் கல்லூரிகள் சில சேர்ந்து எச்.ஐ.வி, காசநோய் இரண்டுக்கும் ஒரு கூட்டு ஆராய்ச்சி மையம் தொடங்கலாம் என்று பேச்சு எழுந்தது. எந்த மாதிரியைப் பின்பற்றலாம் என்று பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. நான் தரவுப் பிரிவு ஆள். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: என் ஓட்டு கென்யாவின் எல்டோரெட்டுக்கு.

அமெரிக்காவில் 1988 முதல் நடக்கும் எய்ட்ஸ் ஆராய்ச்சி மையங்கள் திட்டத்தை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டேன். அதில் வரும் பணம் பொது ஆய்வகம், புள்ளியியல் உதவி, இளம் ஆய்வாளர்களுக்கான தொடக்க நிதி போன்றவற்றுக்கு. பெரிய ஆய்வுகளுக்கான பணத்தைப் பல்கலைக்கழகங்கள் தனியாகக் கொண்டுவர வேண்டும். வாஷிங்டனில் ஜார்ஜ் வாஷிங்டன், ஜார்ஜ்டவுன், ஹோவர்டு எல்லாம் ஒரே மையமாகச் சேர்ந்திருப்பது அழகுதான். ஆனால் சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

மீதி இரண்டு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள காப்ரிசா என்ற ஆராய்ச்சி மையம் 2002ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் பணத்தில் தொடங்கியது. இன்று குவாசுலு-நட்டால் என்று அழைக்கப்படும் பல்கலைக்கழகம், கேப்டவுன், வெஸ்டர்ன் கேப், நியூயார்க்கின் கொலம்பியா ஆகியவை தொடக்கக் கூட்டாளிகள். சலீம் அப்துல் கரீம், குரைஷா அப்துல் கரீம் தம்பதி கட்டி வளர்த்தது. கேள்வியைக் கூர்மையாக வைத்து, சோதனை நடத்தி, பதில் சொல்லும் மையம். 2010ல் டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி மருந்து கலந்த தடுப்பு ஜெல்லின் சோதனையில் 889 பெண்களிடம் தொற்று 39 சதவீதம் குறைந்ததாக அறிவித்தார்கள். 2015ல் வேறொரு பெரிய சோதனை அதை உறுதிப்படுத்தவில்லை. ஆனால் காசநோய் மருந்தை முடித்துவிட்டு எச்.ஐ.வி மருந்தைத் தொடங்குவதைவிட இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இறப்பு 56 சதவீதம் குறைகிறது என்று இரண்டு நோயும் உள்ள 642 பேரிடம் காட்டினார்களே, அது சிகிச்சை முறையையே மாற்றியது. புதிய கண்டுபிடிப்புதான் குறி என்றால் டர்பன் பக்கம் போய்விடுங்கள், நான் தடுக்க மாட்டேன்.

எல்டோரெட்டின் கதை வேறு. மோய் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகமும் 1980களின் கடைசியில் கைகோத்தபோது முக்கிய நோக்கம் மருத்துவக் கல்விதான். வார்டு முழுக்க எச்.ஐ.வி நோயாளிகள் நிரம்பிய பிறகு, 2001ல் ஆம்பாத் என்ற சிகிச்சைத் திட்டம் பிறந்தது. தொடக்கத்தில் இரண்டு கிளினிக்: ஒன்று நகரத்துப் போதனா மருத்துவமனையில், மற்றொன்று மொசோரியட் என்ற கிராமப்புற சுகாதார நிலையத்தில். நோயாளிக்குச் சாப்பாடு இல்லாமல் மாத்திரை வேலை செய்யாது என்று பண்ணையே வைத்தார்கள். ஆராய்ச்சி இதன் தோளில் ஏறி வந்தது.

நான் மயங்கிய இடம் அவர்களுடைய பதிவேடு. ஆரம்ப ஆண்டுகளில், நோயாளி வந்ததும் மருத்துவர் ஒரு காகிதப் படிவத்தை நிரப்புவார். குமாஸ்தா அதைக் கணினியில் ஏற்றுவார். அடுத்த முறை நோயாளி வருவதற்குள் ஒரு பக்கச் சுருக்கம் அச்சாகிக் கோப்பில் இருக்கும்: போன தடவை எடை, மருந்து, 'சிடி4 பரிசோதனை (நோயெதிர்ப்பு அணுக்களை எண்ணும் ரத்தப் பரிசோதனை) தாமதமாகிறது' என்ற நினைவூட்டல். பரிசோதனை தாமதமானவர்களில், இந்த நினைவூட்டல் வந்த கிளினிக்கில் 53 சதவீதத்துக்குச் சிடி4 பரிசோதனை எழுதப்பட்டது, வராத கிளினிக்கில் 38. அதாவது சிகிச்சைக்கு உதவும் அதே தாள்தான் ஆய்வுக்கும் தரவானது. இந்த அனுபவத்திலிருந்து வளர்ந்த ஓப்பன்எம்ஆர்எஸ் என்ற நோயாளிப் பதிவேட்டு மென்பொருளை இன்று பல நாடுகள் இலவசமாக எடுத்துப் பயன்படுத்துகின்றன.

இங்கேதான் பராமரிப்புச் செலவு வருகிறது. மையம் திறப்பது பெரிய விஷயமில்லை. ரிப்பன் வெட்ட ஆள் கிடைப்பார்கள். ஐந்தாம் ஆண்டு மானியம் முடியும் நாளில் தரவு உள்ளிடுபவருக்கும் ஆய்வக நுட்பருக்கும் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியின் கரண்ட் பில்லுக்கும் யார் பணம் கொடுப்பது? சோதனைக்காகவே அமர்த்திய ஊழியர்கள் சோதனை முடிந்ததும் கலைவார்கள். பயிற்சி கொடுத்த கைகள் வேறு வேலைக்குப் போய்விடும். டர்பனும் இதை உணர்ந்து சிகிச்சைத் திட்டம் ஒன்றைக் கூடவே நடத்தியது என்றாலும், மையத்தின் மூச்சு மானியம்தான். எல்டோரெட்டில் பதிவேடு நின்றால் நாளைக் காலை கிளினிக்கே நின்றுபோகும். அதனால் அதை நிறுத்தவிடாமல் அடம்பிடிக்க மருத்துவமனை நிர்வாகம் முதல் செவிலியர் வரை ஆள் இருக்கிறார்கள். கிளினிக்குகள் கென்ய அரசின் சுகாதார நிலையங்களுக்குள்ளேயே நடக்கின்றன என்பதும் பெரிய பலம்.

அமெரிக்கப் பணத்தை நம்பியதில் இருவருக்கும் வித்தியாசம் இல்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது எல்டோரெட்டும், தென்னாப்பிரிக்காவுக்கான ஆராய்ச்சி நிதியில் கைவைத்தபோது டர்பனும் ஆட்டம் கண்டன. எல்டோரெட் மாதிரி முழுப் பாதுகாப்பு தரும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடி விழுந்தாலும் எது மிஞ்சும் என்ற கணக்கு, அவ்வளவே. நோயெதிர்ப்பு ஆய்வகம் பற்றி எனக்கு அனுபவம் குறைவு. அந்தத் துறை நண்பர்கள் நிச்சயம் டர்பன் என்பார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கும்.

எல்டோரெட்டிலிருந்து இன்னொன்றையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். அங்கே ஒவ்வொரு ஆய்வுக் குழுவுக்கும் கென்யர் ஒருவர், வட அமெரிக்கர் ஒருவர் என்று இரண்டு தலைவர்கள். நம் ஒப்பந்தத்தில் கல்லூரிக்கு ஒருவர் என்று எழுதியிருக்கிறோம். இதற்குத்தான் அதிக எதிர்ப்பு: கட்டுரையில் யார் பெயர் முதலில் என்ற பஞ்சாயத்து இன்னும் ஓயவில்லை. பதிவேட்டுப் படிவம் மட்டும் தயார், காசநோய் வெளிநோயாளர் பிரிவில் நிரப்பவும் ஆரம்பித்துவிட்டார்கள்.