குண்டுமல்லியா, முல்லையா, பிச்சியா: வாசலில் எதை வைக்கலாம்?

வாசல் பக்கம் ஒரு செடிக்குத்தான் இடம் இருக்கிறது; தலைக்குப் பூவும் வேண்டும், சாயங்காலம் வீடும் மணக்க வேண்டும் என்றால் பெரும்பாலானவர்கள் நேராக குண்டுமல்லியைத்தான் வாங்கி வருகிறார்கள். நல்ல செடிதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் பழைய வீடுகளில் கூடவே இருந்த முல்லையையும், ஜாதிமல்லி என்கிற பிச்சியையும் ஒரு தடவை பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

குண்டுமல்லியின் பெரிய பலம், அது குத்துச்செடி. பந்தல் வேண்டாம், தொட்டியிலும் மாடியிலும் வளரும். ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்து வரும் பதியன்கள்தான் (வேர்விட்ட கன்றுகள்) பல ஊர் நர்சரிகளுக்கும் போகின்றன. நல்ல வெயில் மட்டும் கட்டாயம். நிழலில் வைத்தால் இலைதான் மிஞ்சும். நவம்பர் கடைசியில் முழங்கால் உயரம் மட்டும் விட்டுக் கிளைகளை வெட்டி, அதாவது கவாத்து செய்துவிட்டால் புதுத் தளிர் விட்டு, மார்ச்சிலிருந்து மொட்டு பிடிக்கும். கவாத்து செய்ய மனசு வராமல் விட்டுவிட்டு, ‘செடி பெருசா இருக்கு, பூவே இல்லை’ என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

தொந்தரவு என்று பார்த்தால் மொட்டுப்புழு. மொட்டில் சின்ன ஓட்டை இருந்து, நிறம் ஊதாவாக மாறினால் புழு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அந்த மொட்டுகளைக் கிள்ளி அப்புறப்படுத்திவிடுங்கள். தளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கலந்து இலையில் தெளித்தால் தேறிவிடும்.

முல்லை கொடி, கொழுகொம்பு வேண்டும். பூ கொட்டிக் கிடக்கும். ஆனால் மொட்டு பொடிசு. பறிக்கவும் நேரம், கட்டவும் பொறுமை வேண்டும். வீட்டில் பூக்கட்டத் தெரிந்தவர்கள் இருந்தால் மட்டும் வையுங்கள். இலையிலும் தண்டிலும் வெள்ளைக் கம்பளி போலப் படர்வது சிலந்திப்பேன் வேலை. அதைத் தாங்குகிற பரிமுல்லை ரகம் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

பிச்சிக்கு வருகிறேன். சுவரோ கம்பி வேலியோ ஓரமாக இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான். மல்லிச் சரம் எந்த ஊரிலும் கடையில் கிடைக்கிறது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடே வாங்கியாகிவிட்டது. கன்னியாகுமரி மாவட்டத் தோவாளைப் பூச்சந்தையிலும் தென்மாவட்டங்களிலும் பிச்சி சரளமாகக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் இதழ் மெல்லிசு, பறித்த பிறகு சீக்கிரம் துவண்டுவிடும். செடியிலேயே விரிகிற பிச்சியின் வாசனையைச் சரமாக விலைக்கு வாங்க முடியாது. வெளிப்பக்கம் இளஞ்சிவப்பு ஓடிய நீள மொட்டு பொழுது சாய்ந்ததும் அவிழும். இரவெல்லாம் ஜன்னல் வழியாக மணம் உள்ளே வரும். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள், பாருங்கள். அத்தர், சென்ட் தொழிலுக்கு விடியற்காலையில் விரிந்த பூவாகவே பறிப்பதும் இந்த மணத்துக்காகத்தான்.

இதற்கும் குறை உண்டு. மல்லியைவிட இடம் அதிகம் கேட்கும், தொட்டியில் அவ்வளவாகச் செழிக்காது. காலையில் உதிர்ந்த பூவைக் கூட்டித் தள்ள வேண்டும். ஃபிளாட்டில் பால்கனி மட்டும்தான் என்றால் பேச்சே வேண்டாம், குண்டுமல்லியை வைத்துவிடுங்கள்.

நர்சரியில் பெயர் மாற்றிக் கொடுத்துவிடுவதும் நடக்கும். பூ இல்லாத செடியில் இலையைப் பாருங்கள். குண்டுமல்லிக்குத் தனித்தனி அகல இலை. முல்லையில் ஒரு பெரிய இலையின் அடியில் இரண்டு குட்டி இலைகள் காது மாதிரி ஒட்டியிருக்கும், சில சமயம் அவை இல்லாமலும் இருக்கும். பிச்சியில் ஒரே காம்பில் ஜோடி ஜோடியாகச் சிற்றிலைகள் வரிசையாக நின்று, நுனியில் ஒன்று தனியாக இருக்கும். பிச்சியில் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ.1, கோ.2 ரகங்கள் இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

ஜூனிலிருந்து நவம்பருக்குள் நடலாம். ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, மக்கிய தொழுவுரமும் செம்மண்ணும் கலந்து நிரப்பி, தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கவாத்து மாதம் மூன்றுக்கும் ஒன்றல்ல: பிச்சிக்கு டிசம்பர் மூன்றாவது வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி.