எங்கள் கட்டிலின் உயரமும் மகளின் தொட்டிலும்

கட்டிலோரத் தொட்டில் வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போவதற்கு முன், தங்கள் கட்டிலில் போட்டிருக்கும் மெத்தையின் மேற்பரப்பு நிலத்திலிருந்து எத்தனை சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது என்று அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. "எந்தக் கட்டிலுக்கும் பொருந்தும்" என்று கொழும்பில் விற்றவர் சொன்னதை நம்பி, ஏறக்குறைய 45,000 ரூபா கொடுத்து, பெட்டியைப் பேருந்தில் மட்டக்களப்புக்கு ஏற்றிவந்து, எட்டாம் மாத வயிற்றோடு அதைப் பிரித்துப் பொருத்திய பிறகுதான் அது எங்கள் கட்டிலுக்குப் பொருந்தாது என்று தெரிந்துகொண்டேன். மகளுக்கு இப்போது பதினான்கு மாதம். அந்தத் தொட்டிலில் அவள் ஐந்தரை மாதம் உறங்கினாள். அந்த ஐந்தரை மாதத்தில் நான் கற்றவற்றை, இதே முடிவின் முன் நிற்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

கடைகளில் 'பேபி கொட்' என்று விற்கப்படும் சாதாரணத் தொட்டிலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒரு பக்கம்தான். மூன்று பக்கங்கள் உயர்ந்து நிற்க, தாயின் பக்கம் பார்க்கும் நான்காவது பக்கத்தைச் சிப்பைத் திறந்து தாழ்த்தலாம். தாழ்த்திய பின்னும் ஒரு சாணுக்குக் குறைவான சிறு தடுப்பு அங்கே எஞ்சியிருக்கும். கால்களின் உயரத்தைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கலாம். இரண்டு வார்களால் தொட்டிலைக் கட்டிலோடு இழுத்துக் கட்டலாம். சிசேரியன் சத்திரசிகிச்சைக்குத் திகதி குறிக்கப்பட்டிருந்த எனக்கு, இரவில் எழும்பிக் குனிந்து பிள்ளையைத் தூக்காமல் படுத்த இடத்திலிருந்தே எடுத்துப் பாலூட்டலாம் என்ற எண்ணம் பெரிய ஆறுதலாக இருந்தது. எங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தர், நாங்கள் 'மிஸ்' என்று அழைப்பவர், வீட்டுக்கு வந்தபோது இதை ஆதரித்தார். பிள்ளை பெற்றோரின் அறையில், ஆனால் தனக்கென்று உள்ள கெட்டியான சமதளத்தில், மல்லாந்து உறங்க வேண்டும் என்பதே அவர் சொன்னதன் சாரம். அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கம் 2022இல் புதுப்பித்த பரிந்துரையும் இதையே சொல்கிறது: குறைந்தது முதல் ஆறு மாதமாவது அறை ஒன்றாகவும் படுக்கை வேறாகவும் இருக்க வேண்டும். பிள்ளைகளை மல்லாந்து படுக்கவைக்கச் சொல்லி அந்த நாட்டில் 1994இல் பெரும் பிரசாரம் தொடங்கியபின், உறக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் அங்கே பாதிக்கும் மேல் குறைந்தன.

இனிக் கட்டிலின் கதைக்கு வருகிறேன். நம் வீடுகளில் உள்ள கட்டில்கள் பெரும்பாலும் ஓடாவியிடம் சொல்லிச் செய்வித்தவை. ஒன்றைப்போல் மற்றொன்று இராது. எங்களுடையது சீதனமாக வந்த மகோகனிக் கட்டில். அதன் அடியில் நிலம் தொடும்வரை இழுப்பறைகள் இருந்தன. தொட்டிலின் கால்களோ கட்டிலுக்கு அடியில் நுழைந்து நிற்கும்படி வடிவமைக்கப்பட்டவை. நுழைய இடமில்லாததால் தொட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விழுந்தது. அத்தோடு எங்கள் மெத்தை எட்டு அங்குலத் தடிப்பானது. அதன் மேற்பரப்பு 55 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தது. தொட்டிலை ஆகக்கூடிய படிக்கு உயர்த்தியும், தாழ்த்திய பக்கத்தின் விளிம்பு அதைவிட மூன்று விரல் கீழே நின்றது. மேட்டிலிருந்து பள்ளத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது அந்த அமைப்பு. நான் உறக்கத்தில் புரண்டால் என் கையோ போர்வையோ பிள்ளையின் மேல் சரியும்.

தொட்டிலின் கால்களுக்கு அடியில் பலகை வைத்து உயர்த்தலாம் என்று வீட்டில் யோசனை வந்தது. அதற்கு நான் உடன்படவில்லை. தொட்டில் ஒரு குறித்த சமநிலைக்குச் செய்யப்பட்டது. அதன் காலில் கட்டை கட்டினால் அந்தச் சமநிலைக்கு யார் பொறுப்பு? மாற்றுவதானால் கட்டிலைத்தான் மாற்ற வேண்டும் என்று நின்றேன். ஓடாவி வந்து ஒரு பக்கத்து இழுப்பறைகளைக் கழற்றினார். மெத்தையைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு ஆறு அங்குலத்தில் கெட்டியான மெத்தை வாங்கினோம். மேற்பரப்பு 50 சென்ரிமீற்றருக்கு இறங்க, தொட்டிலின் விளிம்பு அதோடு மட்டமாக வந்து நின்றது. இன்னுமொரு சிக்கல் அதன் பிறகுதான் கண்ணில் பட்டது. கட்டிலின் பக்கச் சட்டம் மெத்தையைவிட வெளியே இரண்டு விரல் தள்ளி நின்றதால், தொட்டில் சட்டத்தில் முட்டியதே தவிர மெத்தையைத் தொடவில்லை. மெத்தையைத் தொட்டிலை நோக்கித் தள்ளி, மறுபக்கம் சுவரோரமாக விழுந்த வெளியில் அது திரும்ப நகராதபடி ஒரு பலகையை அறைந்து கொடுத்தார் ஓடாவி. அந்தப் பலகைதான் எங்கள் ஏற்பாட்டில் மிகப் பயனுள்ள பகுதி என்று இன்றும் சொல்வேன். தொட்டில் பக்கத்து இடைவெளியைத் துவாயாலோ தலையணையாலோ அடைப்பது கூடவே கூடாது. அடைத்த துணி நழுவும், பிள்ளையின் முகம் அங்கே புதையும்.

இத்தனை செய்தும் ஒரு இரவு பயந்தேன். மகளுக்கு மூன்று கிழமை. கார்த்திகை மழை இடைவிடாமல் பெய்துகொண்டிருந்தது, மின்சாரம் இல்லை. பாலூட்டிவிட்டு அவளைத் தொட்டிலில் கிடத்தி, விரிப்பைச் சரிசெய்யக் கையை நீட்டியபோது என் இரண்டு விரல்கள் மெத்தைக்கும் தொட்டிலுக்கும் நடுவே இறங்கின. கைபேசி வெளிச்சத்தில் பார்த்தோம். மெத்தைக்கு அடியால் ஓடி மறுபக்கச் சட்டத்தைச் சுற்றும் வார்களில் ஒன்று, அதன் பிளாஸ்டிக் கொளுவியில் சிறிது சிறிதாக வழுகி நீண்டிருந்தது. நான் ஒவ்வொரு முறையும் எழுந்து உட்காரத் தொட்டிலின் விளிம்பைப் பிடித்து ஊன்றியதே காரணம் என்று பின்னர் விளங்கியது. தையல் போட்ட வயிற்றோடு எழும்புகிறவர் கைக்கு எட்டியதைப் பிடிக்கத்தான் செய்வார். அன்றிலிருந்து ஊன்றுவதற்குக் கட்டிலின் தலைமாட்டில் ஒரு கைப்பிடி பொருத்தினோம். ஒவ்வொரு இரவும் விளக்கை அணைக்கும் முன் என் கணவர் தொட்டிலை ஒருமுறை வெளிப்புறமாக இழுத்துப் பார்ப்பார். அசைந்தால் வார்களை இறுக்குவார். ஐந்தரை மாதத்தில் நான்கைந்து தடவை இறுக்க வேண்டி வந்தது.

நுளம்பு வலையைப் பற்றி எந்தக் கடைக்காரரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் கல்லடியில், மாரிகாலத்தில் வலை இல்லாமல் பச்சைப்பிள்ளையை உறங்கவைப்பது நடக்கிற காரியமல்ல. கட்டிலின் அளவுக்கு வாங்கிய வலை தொட்டிலை வெளியே விட்டுவிடும். தொட்டிலுக்கு மட்டும் தனி வலை போட்டால் எனக்கும் பிள்ளைக்கும் நடுவே துணி தொங்கும், திறந்த பக்கத்தின் பயனே போய்விடும். கடைசியில் இரண்டு வலைகளைப் பிரித்து ஒரே பெரிய வலையாகத் தைப்பித்தோம். அது கட்டிலையும் தொட்டிலையும் சேர்த்து மூடி, தொட்டிலின் வெளிப்பக்கத்தில் நிலம்வரை தொங்கியது. அதைத் தொட்டிலின் மெத்தைக்கு அடியில் செருகக் கூடாது. செருகினால் மெத்தை ஒரு பக்கம் எழும்பும். அடியோரத்தில் ஒரு முழ அகலத்துக்குக் கனத்த பருத்தித் துணி சேர்த்துத் தைத்ததால் காற்றுக்கு எழும்பாமல் நிலத்திலேயே கிடந்தது. நாலாம் மாதத்தில் மகள் கைக்கு எட்டியதையெல்லாம் பற்றத் தொடங்கியபோது, வலை தொட்டிலுக்கு உள்ளே தொய்யாதபடி கூரையிலிருந்து இன்னும் இரண்டு கயிறு கட்டி அகலப்படுத்தினோம். நுளம்புத்திரி கொளுத்துவதை மகப்பேற்றுக்கு முன்பே நிறுத்தியிருந்தோம். டெங்குவைப் பரப்பும் நுளம்பு பகலில் கடிப்பது என்பதால், பகல் உறக்கத்துக்கும் அதே வலைதான்.

அம்மம்மாவுக்கு இந்தத் தொட்டில் பிடிக்கவில்லை. தன் பிள்ளைகள் கிடந்த மரத்தொட்டில் 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் வீட்டுக் கூரையோடு போனதைச் சொல்லி இன்றும் வருந்துகிறவர் அவர். அதன்பின் குடும்பத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஏணையில்தான் வளர்ந்தார்கள். "ஏணையில போட்டா ஒரு நொடியில உறங்கிரும் புள்ள, இந்தக் கூட்டுக்குள்ள ஏன் கா போடுறாய்?" என்று முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்க வந்தவர்கள் முன்னிலையில் கேட்டார். அவர் கையால் ஆட்டிய ஏணையில் என் மகள் நொடியில் அடங்கியதும் உண்மை. ஆனால் சேலையின் வளைவுக்குள் பிள்ளையின் முதுகு கூனி, நாடி நெஞ்சில் பதிவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கழுத்து இன்னும் நிற்காத பிள்ளைக்கு அந்தக் கிடை மூச்சுப் பாதையை ஒடுக்கும். எனவே அம்மம்மாவோடு ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். ஏணை பகலில் மட்டும், அவர் விழித்தபடி பக்கத்தில் இருந்து தாலாட்டி அழுகையை அமர்த்துவதற்கு. கண் மூடியதும் தூக்கித் தொட்டிலில் மல்லாந்து கிடத்துவது. மாற்றும்போது பாதித் தடவை விழித்துக்கொண்டாள். அதற்கு மாற்றுவழி எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. மறுபடி தூக்கினோம், மறுபடி கிடத்தினோம். பரிசாக வந்த மெத்தைத் தொகுதிகளில் இருந்த தலையணை, இரு பக்கமும் அணைக்கும் உருளைகள், பஞ்சுப் பொம்மைகள் எல்லாவற்றையும் நன்றியோடு வாங்கி அலுமாரியில் வைத்தோம். தொட்டிலுக்குள் பிள்ளையும் இறுக்கமாகப் போட்ட ஒரு விரிப்பும் தவிர வேறெதுவும் இருக்கவில்லை.

விரிப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. தொட்டிலோடு வந்தது ஒன்று. மார்கழி மழையில் துவைத்த துணி இரண்டு நாளுக்கும் காயாது. 83க்கு 50 சென்ரிமீற்றர் மெத்தைக்கு, நான்கு ஓரமும் இலாஸ்டிக் வைத்து ஆறு பருத்தி விரிப்புகளைத் தையற்கடையில் தைப்பித்தேன். தளர்வாகத் தைத்த இரண்டைத் திருப்பிக் கொடுத்துச் சுருக்கவேண்டி வந்தது. தொட்டிலின் பக்கங்கள் வலையாக இருந்ததால் பங்குனி வெக்கையிலும் காற்று உள்ளே ஓடியது.

இரவுகள் உண்மையில் எளிதானவையா என்று பலர் கேட்டார்கள். முதல் இரண்டு கிழமை இல்லை. பச்சைப்பிள்ளை உறக்கத்தில் எழுப்பும் முனகலும் குறட்டையும் தும்மலும் என் காதுக்கு ஒரு முழத்தில் கேட்டன, ஒவ்வொன்றுக்கும் விழித்தேன். மூன்றாம் கிழமைக்குப் பிறகு, பசிக்கு எழும் ஒலி எது, வெறும் முனகல் எது என்று காது தானாகப் பிரித்தறிந்தது. அதிலிருந்து தொட்டிலின் பயன் முழுமையாகக் கிடைத்தது. பிள்ளை அழத் தொடங்கும் முன்பே, உதட்டைச் சப்பும் ஒலிக்கே நான் கையை நீட்டி அவளை அணைத்துக்கொள்ள முடிந்தது. விளக்குப் போடவில்லை, காலை நிலத்தில் வைக்கவில்லை. பாலூட்டியபின் என் பக்கத்திலேயே விட்டுக் கண்ணயர வேண்டும் என்ற ஆசை ஒவ்வொரு இரவும் வரும். தொட்டில் ஒரு கை தூரத்தில் இருந்ததால்தான் அந்த ஆசையை என்னால் மீற முடிந்தது.

அறை பத்துக்குப் பத்தடி. தொட்டில் வந்ததும் அலுமாரியின் ஒரு கதவு ஐந்தரை மாதம் திறக்கவில்லை.

கையேட்டில் 9 கிலோகிராம் அல்லது ஆறு மாதம் என்று எல்லை போட்டிருந்தது. பலர் எடையை மட்டும் பார்க்கிறார்கள். ஐந்தரை மாதத்தில் கிளினிக்கில் நிறுத்தபோது மகள் 7.2 கிலோகிராம்தான். ஆனால் அதற்கு நான்கு நாள் முன்பே அவள் குப்புறப் புரண்டு, கைகளை ஊன்றி, முழங்காலில் எழும்பப் பார்த்துவிட்டாள். அன்றிரவே தொட்டிலின் நான்காம் பக்கத்தை உயர்த்திப் பூட்டினேன். அந்தக் கிழமைக்குள் பெரிய தொட்டிலுக்கு மாற்றினோம். பிள்ளை ஊன்றி எழும்பத் தொடங்கிய நாள்தான் இதன் கடைசி நாள், எடை எவ்வளவாக இருந்தாலும்.

பெரிய தொட்டிலை அதே ஓடாவி தேக்கில் செய்தார். சட்டங்களுக்கிடையே 6 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி வேண்டாம் என்று தாளில் வரைந்து கொடுத்தேன். ஏற்றி இறக்கும் பக்கம் வைக்கட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். பெரிய தொட்டில்களில் அந்த அமைப்பு கழன்று பிள்ளைகள் சிக்கியதால் அமெரிக்காவில் 2011இல் அதன் விற்பனையே தடைசெய்யப்பட்டது.

மீண்டும் ஒரு பிள்ளைக்கு இதை வாங்குவேனா என்றால், கட்டிலை மாற்றியமைத்துவிட்ட இந்த வீட்டில் ஆம். மாற்ற முடியாத கட்டில் உள்ளவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நான்கு பக்கமும் அடைத்த சாதாரணத் தொட்டிலைக் கட்டிலுக்கு அருகே கையெட்டும் தூரத்தில் வைத்தால் ஒரே அறையில் உறங்கும் பயன் முழுதும் கிடைக்கும், செலவும் குறையும். எழுந்து குனிய வேண்டியிருக்கும் என்பது மட்டுமே குறை. அறுவைக்குப் பிந்திய முதல் கிழமைகளில் அதற்குக் கணவரோ தாயோ துணை நிற்கலாம்.

இப்போது அந்தத் தொட்டில் களுவாஞ்சிகுடியில் தங்கை வீட்டில் இருக்கிறது. அவளுக்கு மாசியில் பிள்ளை. கொடுக்கும் முன் வார்கள் இரண்டையும் கொளுவிகளையும் வெளிச்சத்தில் சோதித்து, கையேட்டையும் அதன் சொந்த மெத்தையையும் சேர்த்துக் கட்டினேன். அளவுநாடாவோடு போய் அவள் கட்டிலை அளந்தேன். நான் கொடுத்த எட்டு அங்குல மெத்தைதான் அதில் கிடக்கிறது. உயரம் 57 சென்ரிமீற்றர். அதனால் பக்கத்தைத் தாழ்த்த வேண்டாம் என்று சொல்லி, நான்கு பக்கமும் பூட்டிய நிலையில் கட்டிலுக்கு அருகே நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன்.